அடிக்குறி சீவிப்போன நிலை

என் பிரியமான அப்பாவுக்கு,

உங்கள் முகம் எனக்கு நினைவில்லை. மரத்தூள் ஒட்டிய முழங்கை ஒன்றுதான் நினைவிருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த முழங்கையைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் தெருவுக்குக் கரண்டு வந்துவிட்டது. நான் பாலசமுத்திரத்திலேயே டீச்சராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக் கைத்தொழில் வகுப்புக்கு வந்த பழைய புத்தகக் கட்டில், அட்டை கிழிந்த மரவேலைப் புத்தகம் ஒன்று கிடந்தது. உள்ளே உங்கள் பெயர், நம் ஊர்ப் பெயர். அது வேறு யாராகவோ இருக்கட்டும் என்றுதான் முதலில் வேண்டிக்கொண்டேன். புத்தகம் போடத் தெரிந்தவருக்கு வீட்டுக்கு ஒரு கார்டு போடத் தெரியாதா?

பிறகு வாசித்தேன். உளி பிடிப்பதையும் இழைப்புளி தீட்டுவதையும் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் பாடத்துக்குப் பாடம் "அடிக்குறியைச் சீவிவிடாதே" என்று ஏன் அப்பா? முக்காலிக்குமா? மாவுப் பலகைக்குமா? எழுதும்போது யார் உங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள்?

முன்னுரையில் கொடைக்கானல் மரக்கடை ராவுத்தர் ஒருவருக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள். விடுமுறையில் வத்தலக்குண்டு போய் மலை பஸ் பிடித்தேன். பண்ணைக்காட்டுப் பிரிவைத் தாண்டியதும் மஞ்சு இறங்கி ஜன்னலை மூடிக்கொண்டது. இறங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

ராவுத்தருக்கு இப்போது கண் சரியாகத் தெரியவில்லை. யார் மகள் என்று சொன்னதும் பெஞ்சைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"ஒங்கப்பா மவுத்தாகி ரெண்டு மூணு வருசம் ஆச்சு தாயி. குளிர் காய்ச்சல். உள்ள வந்து படுங்கன்னு எம்புட்டோ கெஞ்சுனேன். கேக்கலையே. வந்த நாளுலேருந்து வெளிய அறுப்புக் கொட்டாயிலதான் கெடந்தாரு. ஒரு வீட்டு நெலையத் தாண்டி உள்ள வந்து படுத்ததில்ல."

ஏன் என்று கேட்டேன்.

"சொந்த வீட்டுக்கு வச்ச நெல தலகீழா நிக்குதாம். அதனாலதான் ஆம்பளப் புள்ள போயிருச்சாம். 'என் கையாலயே கொன்னுட்டேன் பாய்'னு அழுவாரு."

அம்மா எப்போதும் பாதியில் நிறுத்திவிடும் கதையின் மீதி அங்கே இருந்தது. மரம் காட்டில் நின்றபடியேதான் வாசல் நிலையிலும் நிற்க வேண்டும். அடி கீழே, நுனி மேலே. அடிப்பக்கம் போட்ட காவிக் குறியை இழைக்கும்போது நீங்களே சீவிவிட்டீர்கள். குத்துமதிப்பாக நிறுத்திவிட்டு அப்போது யாரிடமும் சொல்லவில்லை. குடிபோன கொஞ்ச நாளில் தம்பி காய்ச்சலில் போனான். அவனைப் புதைத்துவிட்டு வந்தவர், வாசலில் நின்றே அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டுப் போனவர்தான், வீட்டுக்குள் வரவே இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது அப்பா. குறி அழிந்தாலும் கணுவைப் பார்த்து நுனி எது என்று சொல்லிவிடலாம், கிளை மேல்நோக்கித்தான் கிளம்பும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மலையில் மரம் அறுப்பவர்களிடம் கற்றிருப்பீர்கள். கற்ற பிறகாவது ஒருநாள் வந்து நம் வாசலில் நின்று பார்த்திருக்கக் கூடாதா?

நீங்கள் இல்லை என்று சொன்னதும் அம்மா நெற்றிப் பொட்டைத் துடைத்துக்கொண்டாள். மற்றதையும் சொன்னேன். பிறகு நிலையின் கணுவைப் பார்த்துவிடலாம் என்று கத்தியும் உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வருஷா வருஷம் பொங்கலுக்கு அந்த நிலைக்கு அம்மா பச்சைப் பெயிண்ட் அடிப்பாள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. கத்தி பட்ட சத்தத்தில் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொரண்டாதடி. நேரா நின்னா அந்த மனுசன் வீணாத்தான அநாதையாச் செத்தாரு? தலகீழா நின்னா எம்புள்ளய அவரு கையே கொன்னதாத்தான ஆகும்? ரெண்டுல எதடி நான் தாங்குவேன்?"

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் காலையில் கோலம் போட வந்தால், நிலைக்கு வெளியே யாரோ உள்ளே வரத் தயங்கி நிற்பது போலவே இருக்கிறது. தண்ணீர் தெளிக்கும் அம்மாவும் அந்த ஓரிடத்தை விட்டுவிட்டே தெளிக்கிறாள். அவளுக்கும் தெரிகிறதோ?

அம்மா இருக்கும்வரை அந்தப் பெயிண்டைத் தொட மாட்டேன். அவளுக்குப் பிறகும் தொட மாட்டேன். வருகிற ஆடி அமாவாசைக்கு உங்கள் இலையை நடுவீட்டில்தான் போடப்போகிறேன். நிலை எப்படி நின்றால் என்ன? நான் அதற்குள்தான் வளர்ந்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே குளிரும். உள்ளே வந்து படுங்கள், அப்பா.

தம்பிக்கு அக்கா,
உங்களுக்கு மிச்சமிருக்கும் மகள்