சாக்குக் கழிவு

12-8-1954, வியாழன்

லண்டனில் நர்ஸ் படிப்புக்குச் சேர நூறு ராத்தல் எடையாவது வேண்டுமாம். இந்த ஊரில் ஆளை நிறுக்கும் தராசு ஏது? அப்பா என்னைப் பருத்திக் கடைக்குக் கூட்டிப்போய், அத்தனை பேர் பார்க்க, மூட்டைத் தராசில் ஏற்றிவிட்டார். நூற்றொரு ராத்தல் இருந்தேன். நிறுவைக்காரர் தொண்ணூற்றொன்பது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

“ரெண்டு ராத்தல் எங்க அண்ணாச்சி?”

“சாக்குக்குக் கழிச்சிட்டேன் தாயி. எப்பவும் கழிக்கதுதான.”

“நான் சாக்குலயா வந்தேன்?”

“எழுதுனத அடிச்சா என் சீட்டை எவன் நம்புவான்? நாளைக்கு வா, புதுசா நிறுப்போம்.”

நாளைக்கும் கழிப்பார். அப்பாவோ, “நேர்மையான மனுசன்” என்று வழியெல்லாம் அவரைப் புகழ்ந்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்திருக்கிறார். எட்டாவது பழத்தைத் தின்றுகொண்டே எழுதுகிறேன். இல்லாத சாக்குக்கும் சேர்த்து நான்தான் கனக்க வேண்டும்.