இரண்டாவது கையெழுத்து

ஜூன் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலமா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். பதினேழு வருடம் ஒரே வார்டில் ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழித்துவிட்டு, இப்போது தபால்தலை ஒட்டி எழுத வேண்டியிருக்கிறது பார். விசாரணை முடியும்வரை நாம் பேசக் கூடாதாம். போன் செய்தால் தெரிந்துவிடும். கடிதத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

சஸ்பெண்ட் ஆனதிலிருந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். அம்மா ஒரு கேள்வியும் கேட்பதில்லை. சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து என்னையே பார்க்கிறாள். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். வீரியம் குறைந்த மருந்து இருக்க வேண்டிய டிரேயில், பத்து மடங்கு வீரியமுள்ள குப்பியை பார்மசிக்காரர் வைத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறேன். நீயும் அதையே எழுது. ஒரு சொல்கூட முன்னே பின்னே போக வேண்டாம். பதினொன்றாம் கட்டில் தையல்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாம் இருவரும் தெருவுக்கு வந்தால் அவர் எழுந்து வரப் போவதில்லை. பார்மசிக்காரர் இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். அவருக்கு என்ன குடி முழுகிவிடும்?

நேரத்துக்குச் சாப்பிடு. நீ சாப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் நெட்டை


ஜூன் 9

என் நெட்டைக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என்னையும் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் "எல்லாம் சரியாயிடும், சரியாயிடும்"னு காலையிலும் மாலையிலும் சொல்கிறார். அவர் சொல்ல ஆரம்பித்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அன்று மத்தியானம் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்து நீ மருந்தின் பெயரையும் அளவையும் உரக்கப் படித்தாய். குப்பியைக் கையில் வாங்கி, லேபிளைச் சரிபார்த்து, இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவள் நான். நான் குப்பியைப் பார்க்கவே இல்லை, நெட்டை. உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று யோசித்தால், பள்ளி நாளில் நாம் சேர்ந்து போன வயலின் வகுப்பில் போய் நிற்கிறது. நீ முதல் வயலின், நான் இரண்டாவது. "உன் கண்ணு நோட்டு மேல இருக்கக் கூடாது, அவ வில்லு மேல இருக்கணும்" என்று டீச்சர் என் தலையைப் பிடித்துத் திருப்புவாரே. பள்ளிப் போட்டியில் நீ தவறி இரண்டு வரியைத் தாண்டிக் குதித்தாய். அரை மூச்சில் நானும் குதித்தேன். கோப்பை நமக்குத்தான். மேடையை விட்டு இறங்கியதும் டீச்சர் என்னைத்தான் கட்டிக்கொண்டார். "தப்பு நடந்ததுன்னு ஒருத்தருக்கும் தெரியல பாரு!" எனக்கு அப்போது பதினாலு வயது. அதற்குப் பிறகு யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

நர்ஸ் வேலையில் எனக்குச் சோறு போட்டதும் அதுதான். நீ கை நீட்டுமுன் பஞ்சு உன் கையில் இருக்கும். மூச்சு நின்றவர்களைப் பேச்சே இல்லாமல் மீட்டிருக்கிறோம். ஹெட் நர்ஸ் புதுப் பெண்களிடம் நம்மைக் காட்டி, "வேலை பார்த்தா இவங்க ரெண்டு பேர் மாதிரி பாக்கணும்" என்பார். யாருக்கும் நம் மேல் சந்தேகம் வந்ததில்லை. எனக்கே வரவில்லை.

ஒன்றை மட்டும் சொல். குப்பி உண்மையிலேயே தவறான டிரேயில்தான் இருந்ததா? பார்மசிக்காரர் மேல் வழக்குப் போடப் போவதாகப் பேச்சு.

உன்
குட்டி


ஜூன் 14

குட்டி,

நீ கேட்டதற்குப் பதில், இல்லை. டிரே சரியாகத்தான் இருந்தது. பக்கத்து டிரேயில் கையை விட்டவள் நான். போதுமா?

இன்னும் கேள். பாதி மருந்து ஏறும்போது மேஜையில் கிடந்த குப்பியின் மூடி கண்ணில் பட்டது. நீலமாக இருக்க வேண்டியது சிவப்பாக இருந்தது. உடனே உன்னைப் பார்த்தேன். நீ தலையசைத்தாய். இவள் பார்த்துவிட்டுத்தானே கையெழுத்துப் போட்டிருப்பாள் என்று மீதியையும் ஏற்றினேன். நீ ஒரு தடவை பார்த்துத் தொலைத்திருக்கக் கூடாதா?

எனக்குப் பயமாக இருக்கிறது, குட்டி. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறொன்றும் தெரியாது. இந்த ஒரு தடவை மட்டும் என்னோடு வா. இனி உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

படித்துவிட்டு இதைக் கிழித்துப் போடு.

நெட்டை


ஜூன் 21

அன்புள்ள நெட்டைக்கு,

நேற்று விசாரணைக் குழுவில் மூன்று பேர் என்னை விசாரித்தார்கள். வெளியே பெஞ்சில் பார்மசிக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "சிஸ்டர், நான் ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் டிரேயில வச்சேன். ஆனா எல்லாரும் சொல்றதக் கேட்டு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

குப்பியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்றேன். நீ என்னைப் பார்த்தபோது தலையசைத்ததையும் சொன்னேன். அந்தத் தலையசைப்பு 'மருந்து சரி' என்று சொன்னதல்ல, நெட்டை. 'நீ போ, நான் கூடவே வருகிறேன்' என்று சொன்னது. மேடையில் அப்படித்தான் அசைப்பேன். உனக்குப் புரியும். தையல்காரரின் மனைவிக்கு இதை எப்படிச் சொல்வது?

பிறகு டிரேயைப் பற்றிக் கேட்டார்கள். சரியாக இருந்தது என்றேன். "நீங்கதான் எதையுமே பாக்கலன்னு சொல்றீங்களே. அது மட்டும் எப்படித் தெரியும்?" என்றார் நடுவில் இருந்தவர். பையில் நீ கிழிக்கச் சொன்ன கடிதம் இருந்தது.

கொடுத்துவிட்டேன்.

அவர் அதை உரக்கப் படித்தார். 'இந்த ஒரு தடவை மட்டும் என்னோடு வா' என்று நீ எழுதியிருந்த இடம் வந்ததும் நான் அழுதுவிட்டேன். உன் வேலை போய்விடும். என் வேலையும்தான். என்னை மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். உன்னை எனக்கு இன்னும் பிடிக்கும். அதை அங்கே யாரும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்ததும் கடிதத்தை யாருக்குத் திருப்பி அனுப்புவது என்று கேட்டார்கள். எனக்கே அனுப்புங்கள் என்றேன். இனி உன்னிடமிருந்து எனக்குக் கடிதம் எதுவும் வராது.

குட்டி