அரக்கு வைத்து நான் கொடுத்த கவர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தை ஆற அமரப் படிக்க உனக்கு நேரமும் வாய்க்க வேண்டும். என் உடம்பைப் பற்றி உனக்கு வந்த செய்தி தவறு. நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், தலையில் அடிபட்டதிலிருந்து ஏதேதோ உளறுகிறேன் என்று உன் தம்பி மனைவி உன்னிடமும் இன்னும் நாலு பேரிடமும் சொல்லியிருக்கிறாள். நான் விழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் ஸ்டீல் ஃபிளாஸ்க்கால் என் நெற்றியில் அடித்தாள். இடது புருவத்துக்கு மேலே ஐந்து தையல். அவள் அடித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்று நாளாக நீ போன் செய்கிறாய், நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை, நானும்தான். என் விசாவுக்கு நீ கேட்ட ஒன்பது அசல் பத்திரங்களையும் உன் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த காலி எக்ஸ்ரே கவர் ஒன்றில்தான் வைத்திருந்தேன். என் கல்யாணச் சான்றிதழை மடித்தால் மடிப்பிலேயே கிழிந்துவிடும், மடிக்காமல் வைக்க அந்த அளவுக்கு வேறு கவர் கிடையாது. அதே ஆஸ்பத்திரியின் இன்னொரு கவரில் உன் அப்பாவின் கடைசி மார்புப் படங்கள் இருந்தன. பீரோவில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மேலே எழுதினால் கவர் அசிங்கமாகும் என்று இரண்டிலுமே நான் எதுவும் எழுதவில்லை. முதல் நாள் சாயங்காலமே எல்லாம் சரிபார்த்தாயிற்று என்ற திமிரில், காலையில் உள்ளே பார்க்காமலே நூல் கட்டி நாலு மூலையிலும் அரக்கு வைத்து, பத்திரங்களின் பட்டியலையும் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். விசா ஆபீஸ் ஜன்னலில் இருந்த குமாஸ்தாவை எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள், அவ்வளவு தடித்த கண்ணாடி. வரிசையில் நின்ற என்னை ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தவர் அவர். பிரிச்சுப் பார்த்துட்டுத்தாம்மா கையெழுத்துப் போடணும், அதுதான் இங்க முறை என்று அவர் சொன்னார். கான்வென்ட்டில் ஒரு காற்புள்ளி விட்டதற்கு ரூலரால் விரல் முட்டியில் வாங்கியவள் நான், என் பட்டியல் இதுவரை தப்பியதில்லை, அரக்கை உங்கள் மேலதிகாரிதான் உடைக்க வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். டீச்சர் மாதிரியே பேசுறீங்க என்று சொல்லி, பிரிக்காமலே என் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் வயதுக்குக் கொடுத்த மரியாதை அது.

பதினைந்து நாள் கழித்து, பத்திரங்கள் எதுவும் வரவில்லை, மாதக் கடைசிக்குள் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து என்று கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்ட பட்டியலை எடுத்துக்கொண்டு உன் தம்பியோடு போனேன். கண்ணாடிக்காரர் முகம் வெளுத்துவிட்டது. கவர் உள்ளே போச்சும்மா, ஒவ்வொரு மேசையா தேடுறேன், ரெண்டு நாள் டைம் குடுங்க என்று கெஞ்சினார். அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஜன்னலுக்கு முன்னால் முப்பது பேர் நிற்க, இவன் விற்றிருப்பான், இந்த மாதிரிப் பத்திரத்துக்கு வெளியே நல்ல விலை என்றேன். அதோடு நிறுத்தவில்லை. உன் அப்பா செத்த சான்றிதழைக்கூட விற்றுத் தின்றவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாயே, நீ ஆம்பளைதானா என்று உன் தம்பியைக் கேட்டேன். அவன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, அந்த மனிதரின் முகத்தை மேசை விளிம்பில் மோதினான். முதல் அடியில் மூக்கிலிருந்து ரத்தம். இரண்டாவதில் கண்ணாடி உடைந்தது. மூன்றாவது, உடைந்த கண்ணாடியின் மேலேயே. நாலாவது அடிக்குப் பிறகுதான் நான் போதும் என்றேன். முதல் அடிக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை, நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது. என் புடவை முன்தானையில் தெறித்த ரத்தத்தை அங்கேயே கைக்குட்டையால் துடைத்தேன், கறை போகாதே என்ற கவலையோடு.

உன் தம்பியைப் போலீஸ்காரர்கள் அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கண்ணாடிக்காரரின் வலது கண்ணிலிருந்து டாக்டர்கள் ஏழு கண்ணாடிச் சில் எடுத்தார்களாம். இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம்கூடத் தெரியாது. அவர் மனைவி, ஒரு தையல் கடையில் பட்டன் வைக்கிறவள், மறுநாள் நம் வீட்டுக்கே வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று மருமகள் கதவைத் தாழ்போட்டாள். அவளோ வாசலில் நின்றபடி, அவர் தொலைச்சிருந்தா மன்னிச்சுக்கோங்கம்மா, வேணும்னு செஞ்சிருக்க மாட்டார், வேலைக்கு மட்டும் வேட்டு வெச்சிடாதீங்க என்று அழுதாள். ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், தாழ்ப்பாளை எடுக்கவில்லை. நீ அதற்குள் அங்கிருந்தே அவர் பத்திரங்களை விற்றுவிட்டார் என்று ஆபீசுக்குப் புகார் அனுப்பிவிட்டாய். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே அவருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது.

ஐந்தாம் நாள் அந்த ஆபீஸின் மருத்துவப் பிரிவிலிருந்து ஒரு பியூன் வந்தான். யாரோ வேற ஒருத்தரோட எக்ஸ்ரே படம் போலிருக்கு, தப்பா எங்க கட்டுல சேர்ந்திருந்தது, மேல ஒட்டின ஆபீஸ் சீட்டுல உங்க பேர் இருந்தது என்று ஒரு கவரைக் கொடுத்தான். மூலையில் என் அரக்கு, உடைபட்டு. உள்ளே உன் அப்பாவின் நெஞ்செலும்புகள். பீரோவைத் திறந்து மற்ற கவரை எடுத்தேன். ஒன்பது பத்திரங்களும், நான் அடுக்கிய வரிசையிலேயே இருந்தன. பீரோக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன் மேல் வீசினேன். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மருமகள் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று முடிவு கட்டினாள்.

அன்று மத்தியானம் உன்னிடம் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய் என்பதை எழுதி வைத்திருக்கிறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்கம்மா, நகல் வாங்கினோம்னு சொல்லிக் குடுத்துடலாம், தம்பி முதல்ல வெளிய வரட்டும் என்றாய். உன் தம்பிக்கு வைத்த வக்கீலும் அதையேதான் சொல்கிறார். பத்திரம் தொலைந்த ஆத்திரத்தில் அடித்தான் என்றால் தண்டனை குறையுமாம், தொலையவே இல்லை என்று தெரிந்தால் தப்பிக்க வழியே கிடையாதாம். மருமகள் என் தட்டை மேசையில் வைக்கிற வேகத்தில் தண்ணீர் டம்ளர் சாய்கிறது. அவள் புருஷனை நான் உள்ளே தள்ளினேன் என்கிறாள். அது சரிதான். அவனை அடித்து வளர்த்தவள் நான். முதலில் அடி, பிறகு கேள்வி என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தது வேறு யாரும் இல்லை. நீயும் என் ரூலரில் அடி வாங்கியிருக்கிறாய், உனக்குத் தெரியாததா.

மறுநாள் காலை இரண்டு கவர்களையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அவர் மனைவி ஃபிளாஸ்க்கோடு வந்தாள். நின்றபடியே சொன்னேன், உன் புருஷன் தொலைக்கவில்லை, தப்பான கவரைக் கொடுத்தவள் நான், அடிக்கத் தூண்டியவளும் நான் என்று. உன் காலடிக்கு வந்து மன்னிப்புக் கேட்டேனேடி என்றாள், அவ்வளவுதான், ஃபிளாஸ்க் வந்து விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. நர்ஸ்கள் அவளைப் பிடித்து இழுக்கும்போதும் என் தலைமுடி அவள் கையில் இருந்தது. தையல் போட்ட கையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர், வயசான காலத்துல எதுக்கும்மா, வீட்டுக்குப் போங்க என்றார். வாக்குமூலம் எழுதாமல் போகமாட்டேன் என்று உட்கார்ந்தேன். அவர்கள் எழுதியதில் தேதி ஒன்று தப்பு, என் வயதில் இரண்டு குறைத்திருந்தார்கள். இரண்டையும் திருத்தச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் மேல் நான் புகார் எதுவும் கொடுக்கவில்லை.

விண்ணப்பக் கெடு நேற்றோடு முடிந்தது. பத்திரங்கள் பீரோவில்தான் இருக்கின்றன, கொடுக்கவில்லை. உன்னிடம் வர எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை, உன் சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடுக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த மனிதரின் கண்ணை மிதித்துக்கொண்டு விமானம் ஏற என்னால் ஆகாது. கேஸ் முடியட்டும், எனக்கும் ஏதாவது தண்டனை உண்டென்றால் அதுவும் முடியட்டும், அப்புறம் உயிரோடு இருந்தால் பார்க்கலாம்.

நீ நன்றாக இரு. உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். ஹீட்டர் மேல் துணி காயப்போடாதே, போன தடவையே சொன்னேன். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். கண்ணாடிக்காரர் மேல் நீ கொடுத்த புகார் தவறு, கவரை மாற்றிக் கொடுத்தவள் என் அம்மா என்று அந்த ஆபீசுக்கு எழுது, அவரை வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல், அதன் நகலை எனக்கு அனுப்பு. முடியாது என்றால் முடியாது என்று எழுது. போன் வேண்டாம். பதிலை உன் கைப்பட எழுதி அனுப்பு.

உன் அம்மா