யாரும் கட் சொல்லாத ஷாட்

என் மாப்பிள்ளை மதியழகனுக்கு,

கேமராவுக்கு இடப்பக்கம் என் தோளை உரசிக்கொண்டு நிற்பாயே, அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கார்த்திகையில் நீ போனதிலிருந்து அங்கே யாரையும் நான் நிற்க விடுவதில்லை. தெரியாமல் வந்து நின்ற ஒருவரை, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது" என்று சொல்லி விரட்டினேன். உச்சி வெயிலில் என்ன நிழல்? பாவம், அவரும் ஒன்றும் கேட்காமல் தள்ளிப்போய்விட்டார்.

நீ இயக்குநர், நான் ஒளிப்பதிவாளன். என் தங்கை செல்வியை நீ கட்டிக்கொள்வதற்கு முன்பே நாம் சேர்ந்து படம் எடுக்கத் தொடங்கிவிட்டோம். இரண்டு படங்களை முடித்தோம். மூன்றாவதில் ஒரே ஒரு ஷாட்டைப் பாக்கி வைத்து என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். உனக்குத் தெரியாததா இதெல்லாம்? பக்கத்திலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

சேதி ஒன்று கேள். நீ பாடமாகிவிட்டாய். வாரம் இரண்டு நாள் நான் வகுப்பெடுக்கிற கல்லூரியில் உன் பாணியைப் பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். 'மதியழகனின் படங்களில் கேமரா ஏன் அசைவதில்லை?' என்று பரீட்சையில் கேள்வி வருகிறது. ஆட்கள் ஃப்ரேமை விட்டு வெளியே போவார்கள், கேமரா அவர்களோடு போகாது, அவர்கள் விட்டுப்போன வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் என்று நான்தான் நடத்துகிறேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அப்ப ரெண்டு படத்துலயும் நீங்க என்னதான் பண்ணீங்க?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நினைத்துப் பார்த்தால் எரிச்சலாக வந்தது.

உன் படத்தில் எனக்கு அசையத் தடை. கல்யாண வீடுகளில் நிற்கத் தடை. கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் எந்த மண்டபத்தில் முகூர்த்தம் என்றாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுற்றிச் சுற்றி வருகிறேன். ட்ரோன் வேறு விடச் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சுற்று என்கிறார்கள், ஒரு பக்கம் நில் என்கிறார்கள். எனக்கு எப்படி இருக்க வேண்டும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை மாப்பிள்ளை. நீயும் கேட்டதில்லை.

நிவேதா என்று ஒரு பெண் உன்னைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். நீ பார்த்ததில்லை. முதலில் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. செத்தவனை அறுத்துப் பார்க்க வந்திருக்கிறாள் என்று மனதுக்குள் திட்டினேன். ஒருநாள் நம் இரண்டு படங்களிலிருந்தும் வயல் வரும் ஃப்ரேம்களை எடுத்துத் திரையில் அருகருகே வைத்துக் காட்டினாள். "சார், எதுலயுமே வானம் இல்ல பாருங்க" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். எல்லாமே தொலைவைக் கிட்டே இழுத்துக் காட்டும் தூரத்து லென்ஸ். பக்கத்து வயல், அடுத்த வயல், அதற்கும் அப்பால் இருக்கிற வயல் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நெட்டுக்குத்தாக நிற்கிற பச்சைச் சுவராகத் தெரிந்தது. அதன் முன்னால் ஆட்கள் நடந்தார்கள்.

"இவ்வளவு திறந்த வெளியில இருக்கறவங்க ஏன் சார் உங்க படத்துல மட்டும் ஜெயில்ல இருக்கற மாதிரி தெரியறாங்க?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் என் காதோரம் குனிந்து, "வானத்த வெட்டு மச்சான்" என்று நீ சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. ஏன் என்று நான் கேட்டதே இல்லை. குத்தகை வயலில் பிறந்து அதிலேயே உழன்ற உன் அப்பாவை நினைத்தா? உன்னையே நினைத்தா? இத்தனை வருடம் உன் கண்ணாக இருந்தும் நீ என்ன பார்த்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ வந்த பெண் சொல்லித்தான் தெரிகிறது.

பாக்கி ஷாட்டுக்கு வருகிறேன். புரட்டாசியில் உங்கள் வயலிலேயே நடவை எடுத்தோம், நிற்க முடியாமல் நீ வரப்பில் நாற்காலி போட்டு, குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தாய். அறுவடைதான் முடிவு. குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு கதையில் வரும் பெண் திருப்பூருக்குப் பிழைக்கப் போக வேண்டும்; பின்னால் மெஷின் அறுத்துக்கொண்டிருக்க, நடு வரப்பில் நடந்து அவள் ஃப்ரேமை விட்டு வெளியே போக வேண்டும். அந்தப் பாத்திரத்துக்கு உன் பெண்டாட்டியையே போட்டாய். "நெல்லுக்கு ரீடேக் கிடையாது, பாத்துக்க" என்று சொல்லிச் சிரித்தாய். எப்படி எடுப்பது என்று கேட்டதற்கு, "வயல்ல நின்னு பேசிக்குவோம்" என்றாய். கதிர் பால் பிடிப்பதற்குள் போய்விட்டாய்.

தை பிறந்தது. மழை வரும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்வி போன் செய்தாள். "அண்ணே, நாளைக்கு மெஷின் வருது. நீ எடுத்தா எடு, எடுக்காட்டி நான் அறுத்துடுவேன். இந்த அஞ்சு மா நெல்லும் மழையில சாஞ்சுபோச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள். மீதிப் படத்துக்குக் கைகொடுத்த சென்னைத் தயாரிப்பாளருக்குச் சொன்னேன். "எடுங்க சார். ஆனா மதி சார் ஸ்டைல் மட்டும் மாறக் கூடாது" என்றார். ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் ஊர் பாபநாசத்துக்கு வண்டியை விட்டேன். நிவேதாவும் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்தாள்.

செல்வி தயாராக நின்றாள். நடவு ஷாட்டில் கட்டிய அதே மாம்பழ நிறச் சேலை. தலையில் பூ, நெற்றியில் பொட்டு. ஒரு மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்திருந்தாள். முந்தைய ஷாட்டில் தாலி இருக்கிறது. இதிலும் இருந்தாக வேண்டும். வரப்பில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவளே கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். நான் கேமராவின் வியூஃபைண்டர் வழியாகத்தான் அதைப் பார்த்தேன். நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மெஷின் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், ஒன்றும் தெரியாதவர். "வூட்டுக்காரரு வரலீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டார். செல்விதான், "ஷூட்டிங்ல இருக்காரு தம்பி" என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

உன் பாணியிலேயே வைத்தேன். தூரத்து லென்ஸ், வானம் கிடையாது, ஸ்டாண்டை இறுக்கிப் பூட்டினேன். மெஷின் இறங்கியது. செல்வி நடந்தாள். நன்றாக நடந்தாள் மாப்பிள்ளை, திரும்பிப் பார்க்கவே இல்லை. இடது ஓரம் வந்ததும் சேலைத் தலைப்பு ஒருமுறை ஆடி மறைந்தது. பிறகு அறுபடுகிற வயல் மட்டும்.

இந்த இடத்தில் நீ சும்மா நிற்பாய். போதும் என்று உனக்கு எப்போது தோன்றுமோ தெரியாது, யாரோ பக்கத்தில் தூங்குவதைப் போல மெதுவாக "கட்" என்பாய். அந்தச் சொல் எப்போதும் உன்னுடையது. நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. கேமராமேன் அதைச் சொன்னால் அது மரியாதை இல்லை என்றுதான் நாம் தொழில் பழகியிருக்கிறோம்.

நான் காத்திருந்தேன். மெஷின் திரும்பியது, மறுபடி வந்தது. இடப்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. சொன்னால் அவள் திரும்பி வருவாள், வந்தால் கயிற்றைக் கழற்றுவாள், பொட்டை அழிப்பாள். கேமரா ஓடிக்கொண்டிருக்கிற வரையில் அவள் சுமங்கலி; நீ ஏதோ ஷூட்டிங்கில் இருக்கிறாய். கழுத்தில் கயிறு போட்டுக் கட்டிய மாடு மாதிரி அந்த ஸ்டாண்டோடு நின்றேன். மெஷின் மொத்த வயலையும் அறுத்து முடித்துக் கரையேறிவிட்டது. ஃப்ரேமில் அறுத்த நெல்லின் அடித்தாள்தான் மிச்சம். பின்னாலிருந்து நிவேதா, "சார்" என்றாள்.

அந்த நேரம்தான் எனக்கு உறைத்தது. செல்வியிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லையே. அவள் எங்கே?

கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினேன். அது ஓடிக்கொண்டேதான் இருந்தது. நிறுத்தத் தோன்றவில்லை, சத்தியமாக யோசித்துச் செய்ததில்லை. லென்ஸை மாற்றவில்லை, எல்லாம் ஆடியது. அறுத்த தாளில் கால் புதைய நடந்தேன். வரப்பு ஏறும்போது கை தூக்கியதில் வானம் முழுசாக உள்ளே வந்துவிட்டது. அதைத் தடுக்க நீ பக்கத்தில் இல்லை.

ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நடிக்க வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தாள்.

"என்னண்ணே, இவ்வளவு நேரமாவா ஓடுது? கட் சொன்னது எனக்குத்தான் கேக்கலையா?"

"சொல்லல."

"ஏன்?"

"யாரு சொல்றது?"

வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கட் சொன்னா இவ இதையெல்லாம் கழட்டணுமேன்னுதான நிக்கிற?"

நான் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"கயிறு படத்துக்குக் கட்டுனது, கழட்டிடுவேன். பொட்டு என்னுது. சின்னப் புள்ளையிலேருந்து வைக்கிறேன். ஊருக்குப் பயந்து ரெண்டு மாசமா வைக்காம இருந்தேன், இன்னைக்குக் கண்ணாடியில பாத்தா நான் நானா இருந்தேன். இனிமே அழிக்க மாட்டேன். நெல்லு ஈரமாக் கெடக்குண்ணே, மழைக்கு முந்திக் களத்துக்குப் போவணும். நீ சொல்லு, நான் கெளம்புறேன்."

சொன்னேன். என் வாயால் முதல் முறையாக. குரல் பாதியில் உடைந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிராக்டரைப் பார்த்து வேகமாகப் போய்விட்டாள். இப்போதும் பொட்டோடுதான் இருக்கிறாள். கொள்முதல் நிலையத்தில் இரண்டு பேர் ஒருமாதிரி பார்த்தார்களாம். "பாத்தா பாத்துட்டுப் போறாங்க" என்கிறாள்.

அவள் வெளியே வந்துவிட்டாள். நான்தான் இன்னும் அந்த ஷாட்டுக்குள் கிடக்கிறேன். அன்றிலிருந்து ஒரே சண்டை. "காலி வயலோட நிறுத்திடுங்க. அதுதான் மதி சார் படம்" என்கிறார் தயாரிப்பாளர். நிவேதா தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். கேமரா நகர்ற இடத்துலேருந்து அது அவர் படம் இல்ல. உங்க துக்கம்." ஆராய்ச்சிக்காகச் சொல்லவில்லை, உன் மேல் உள்ள மரியாதையில்தான் சொன்னாள். அதனால்தான் வலித்தது. செல்வியைக் கேட்டேன். "நின்னது நீதான? நீயே சொல்லு" என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பலநாள் யோசித்தேன். நிவேதா சொன்னது சரிதான். நீ இருந்திருந்தால் காலி வயலிலேயே அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பாய், நானும் கேமராவை மூடியிருப்பேன். ஆனால் நீ இல்லையே மாப்பிள்ளை. புரட்டாசியில் இருந்தவன் தையில் இல்லை என்பது அந்தப் படத்தில் எங்காவது தெரிய வேண்டாமா? நீ இருக்கிற மாதிரி எடுத்துக் காட்டினால் அதுதான் பொய். உன் பாணி உன்னோடு எங்கே முடிந்ததோ, அங்கேதான் என் கை ஆட ஆரம்பித்தது.

நாளை சென்னையில் எடிட்டிங். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: காலி வயலில் நிறுத்த மாட்டேன். தாளில் நடந்தது, வானம் உள்ளே வந்தது, மதகில் அவள் பேசியது எல்லாம் இருக்கும். என் உடைந்த குரலில் வரும் அந்த ஒரு சொல்லோடு படம் முடியும். தயாரிப்பாளர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். உனக்குப் பிடிக்காவிட்டால் சொப்பனத்தில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

இடப்பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் காலியாகவே வைத்திருக்கிறேன். அதற்கு எதுவும் சொல்லாதே.

செல்வியின் அண்ணன்,
உன் மச்சான்
முருகையன்