பூப்பறிக்கிறவளுக்குப் பறக்காத குருவி

மார்ச் 9, திங்கள்
விடியும்போதே புழுக்கம். பள்ளிக்கு முன்னால் அம்மாவோடு மல்லிகை பறிப்பு. கடைசி வரிசையில், வேலியோரச் செடிக்குள் கொண்டைக்குருவிக் கூடு! மூன்று முட்டை, ரோஸ் நிறம், செம்புள்ளி. நின்று பார்த்தேன். குருவி பறந்துவிட்டது. பயந்துபோய் நகர்ந்து அடுத்த செடியில் மொட்டுப் பறித்தேன். குருவி திரும்பி வந்து உட்கார்ந்தது. ஆக, அதற்குப் பூப்பறிக்கிற ஆள் மேல் பயமில்லை. நின்று பார்க்கிற ஆள் மேல்தான்.

மார்ச் 10
அம்மாவின் போன். இடுப்பில் கட்டிய பூமடிக்குள் ஒளித்துக் கொண்டுபோனேன். சத்தம் நிறுத்தம், பிளாஷ் நிறுத்தம். ஒரு கை மொட்டில், ஒரு கை போனில். நிற்கவில்லை, இலையை விலக்கவில்லை. எல்லாப் படமும் இலை. ஒன்றில் மட்டும் ஒரு கண்.
அம்மா: "அப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் விழும்டி."
அரையாண்டுக் கணக்குப் பேப்பர் வந்த அன்று அப்பா சொன்னது: "இனி போனத் தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்." சொன்னால் செய்கிற ஆள். இதை எழுதும்போதும் அவர் இருமல் கேட்டால் விளக்கை அணைக்கிறேன்.

மார்ச் 14, சனி
குஞ்சு பொரித்துவிட்டது! மூன்றும். முடியே இல்லை, அசிங்கமாக, அழகாக. சமூக அறிவியல் டெஸ்ட்டுக்குப் படிக்கவில்லை.

மார்ச் 17
கிடைத்துவிட்டது. திறந்த வாய் மூன்று, மேலே தாய்க்குருவி, அலகில் புழு. புழுவுக்குக் கருந்தலை. நம் மொட்டைத் துளைக்கிற அதே புழு! இப்படி ஒரு படம் நான் எடுத்திருக்கிறேன். நான்.
சாயங்காலம் அப்பா போனில், மருந்தடிக்கிற மாமாவிடம்: "மொட்டுப்புழு அம்புட்டையும் தின்னுருச்சுப்பா. காலையில மருந்தடிக்க வந்துரு."
மருந்து பட்டால் குஞ்சு செத்துவிடும். படத்தைக் காட்டினால் போன் எடுத்தது தெரிந்துவிடும்.

மார்ச் 18
காட்டிவிட்டேன். மருந்தடிக்கிற மாமா பம்பை முதுகில் மாட்டுகிறார், அப்பா முன்னால் போனை நீட்டினேன்.
"யாரு எடுத்தா?"
"நாந்தான்ப்பா."
"யாரு போன்ல?"
அதற்குள் மாமா எட்டிப் பார்த்தார். "அட, நம்ம புழுவுல்ல! அண்ணே, சம்பளம் கேக்காத ஆளு ஒண்ணு ஒங்க தோட்டத்துல வேல பாக்குது."
அப்பா சிரிக்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அலகை, புழுவை.
"எந்தச் செடி?"
காட்டினேன்.
"கடைசி மூணு வரிசைய விட்டுட்டு அடிப்பா."
"அதுலருந்து மத்த செடிக்கும் புழு ஏறிப்போகும்ணே."
"பாப்போம்ல."
என்னிடம்: "பறிக்கையில மட்டும் போன எடுத்துக்க. மத்த நேரம் கணக்கப் பாரு."
கை ஒடியவில்லை!

மார்ச் 19
குஞ்சுகள் உயிரோடு. நல்லவேளை, காற்று மருந்தை அந்தப் பக்கம் அடிக்கவில்லை. இராத்திரி முழுக்க அதே நினைப்பு.

மார்ச் 20, வெள்ளி
அப்பாவும் பறிக்க வந்தார். எனக்கு எதிர்ப்பக்கம், அதே வரிசை. கூடு வந்ததும் நின்றுவிட்டார். குனிந்து பார்க்கிறார். குருவி பறந்து வேலியில் உட்கார்ந்து கத்துகிறது.
"நிக்காதீங்கப்பா. பறிச்சுக்கிட்டே போங்க."
நான் சொன்னது. அவரிடம்.
பறித்துக்கொண்டே போனார்.