ஓடாத மிஷினின் சத்தம்

ஜூலை 7, திங்கள்

வோஷிங் மிஷின் நின்றுவிட்டது. பாதிக் கழுவலில், வயிறு நிறையத் தண்ணீரோடு, அப்பாவின் சாரமும் படுக்கை விரிப்பும் உள்ளே கிடக்க, ஒரு முனகல். பிறகு ஒன்றுமில்லை. பிளக்கைக் கழற்றிப் போட்டுப் பார்த்தேன். பக்கத்தில் இரண்டு தட்டும் தட்டினேன். பூரணி விறாந்தைக் கதவில் சாய்ந்துகொண்டு, "அடிச்சா ஓடுமெண்டா உங்கட மோட்டார்சைக்கிள் இந்நேரம் பறந்திருக்கும்" என்றாள். இந்த வீட்டில் மனைவியிடமிருந்து கிடைக்கும் ஆறுதல் இவ்வளவுதான்.

அப்பாவின் அறைக்கும் பின்விறாந்தைக்கும் நடுவில் ஒரு சுவர். "என்ன தம்பி, நிண்டுட்டுதோ?" என்று உள்ளிருந்து கேட்டார். நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன்.

ஜூலை 9, புதன்

கொம்பனியின் மெக்கானிக் வந்தான். பின்பக்கத்தைத் திறந்தால் மின்சுற்று போர்ட் கருகிக் கிடக்கிறது, அதன்மேல் ஒரு பல்லியும் வறுபட்டுக் கிடக்கிறது. கடற்காற்றில் கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தால் இரும்புக்கு ஆயுள் குறைவுதான். போர்ட் கொழும்பிலிருந்து வரவேண்டுமாம். "மூண்டு நாள் அண்ணை" என்றான். வேறு யாரும் கைவைத்தால் வாரண்டி போய்விடும் என்றும் பயமுறுத்திவிட்டுப் போனான்.

புதிதாக ஒன்று வாங்குவோமா என்று கேட்டேன். "ரெண்டு வருசமாகாத மிஷினைத் தூக்கி எறியிறதோ? பொறுங்கோ" என்றாள் பூரணி.

ஜூலை 10, வியாழன். போயா

பௌர்ணமி லீவு நாள். பூரணி விடிய எழும்பிக் கிணற்றடியில் துவைத்தாள். கல்லில் துணி அறையும் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது.

ஜனவரியில் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அப்பாவால் எழும்ப ஏலாது. சில நேரம் தெரியாமலே சிறுநீர் போய்விடும். பம்பர்ஸ் கட்டிவிட்ட முதல் நாளே பிய்த்து எறிந்துவிட்டார். அன்று நான் கத்தினேன். பூரணிதான், "உங்களுக்கு ஒருத்தர் கட்டிவிட்டா நீங்கள் பேசாமல் கிடப்பியளோ?" என்று என் வாயை அடைத்தாள். அப்பாவிடம் போய், "மாமா, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. கழுவிறது மிஷின், நானில்லை" என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் அவர் இத்தனை மாதமும் தலைநிமிர்ந்து படுத்திருந்தார்.

ஜூலை 12, சனி

அப்பா தண்ணீர் குடிப்பதில்லை.

பூரணிதான் கண்டுபிடித்தாள். காலையில் வைத்த போத்தல் பின்னேரமும் அப்படியே இருக்கிறது. உதடு வெடித்திருக்கிறது. கேட்டால் "தாகமில்லை பிள்ளை" என்கிறார். இந்த வறட்டுக் கச்சான் காற்றில், ஜூலை வெயிலில் தாகமில்லையாம்! ஏப்ரலில் சிறுநீரில் கிருமி பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டொக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. தண்ணீர் குறைந்து இன்னொரு தரம் இப்படி வந்தால் கிட்னி தாங்காது.

நான் போய்க் கத்தினேன். வேறென்ன தெரியும் எனக்கு? "சாகவோ பாக்கிறியள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

குசினியில் பூரணி மெதுவாகச் சொன்னாள்: "கல்லில ஒவ்வொரு அடி விழேக்கையும் மாமா கண்ணை மூடுறார். நான் பாத்தனான். குடிச்சாத்தானே நனையும் எண்டு நினைக்கிறார்."

அதுவரை எனக்கு அது விளங்கவேயில்லை. ஒரே வீட்டில்தான் நானும் இருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூரணியோடு முன்பள்ளியில் படிப்பிக்கிற ரிஸ்லா பெரிய வீதியில் இருக்கிறாள். அவள் வீட்டிலும் இதே மிஷின், இதே மொடல். "இஞ்ச கொண்டு வாங்கோ அக்கா, நான் போட்டுத் தாறன்" என்று ரிஸ்லா இரண்டு தரம் கேட்டுவிட்டாள். பூரணி ஒப்பவில்லை. தன் படுக்கைத் துணி இன்னொரு வீட்டுக்குப் போகிறது என்று தெரிந்தால் மாமா உயிரை விட்டுவிடுவார் என்கிறாள். அது உண்மை.

ஆனால் இன்று பின்னேரம் போனை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். ரிஸ்லாவின் மிஷினுக்குப் பக்கத்தில் போனை வைத்து, ஒரு முழுக் கழுவலின் சத்தத்தையும் பிடித்து வந்திருக்கிறாள். தண்ணீர் விழுவது, சுற்றுவது, நின்று யோசிப்பது, பிழிவது, கடைசியில் வரும் அந்தச் சின்னப் பாட்டு. எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளை அறைக்குள் பூட்டி வைத்துக்கொண்டு ரிஸ்லா வாயில் விரல் வைத்து நின்றாளாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

சின்ன ஸ்பீக்கரை மிஷினுக்குள் வைத்து மூடியைச் சாத்தினாள். "மாமா, மிஷின் சரிவந்துட்டுது!" என்று உள்ளே சொல்லிவிட்டுப் போனை அழுத்தினாள். மிஷின் ஓடுகிறது! அதாவது ஓடவில்லை. கிணற்றடியில் பெரிய பேசினில் துணியைப் போட்டுக் காலால் மிதிக்கத் தொடங்கினாள். கல்லில் அறைந்தால் கேட்டுவிடும், மிதித்தால் கேட்காது.

எல்லாம் நன்றாகப் போனது, நடுவில் ஒன்றைத் தவிர. ரிஸ்லா வீட்டு வாசலால், மெட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்கிற பாண் ஓட்டோ போயிருக்கிறது. அதன் மெட்டும் சேர்ந்து பதிவாகிவிட்டது. பூரணி அதைக் கவனிக்கவேயில்லை. பிழிகிற இரைச்சலுக்குச் சற்று முன், மிஷினுக்குள்ளிருந்து பாண்காரனின் மெட்டு தெளிவாக வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ ஒருநாளும் வந்ததில்லை, திரும்ப இடமில்லை. அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கும் வின்ச் ஓட்டின மனிசன், மிஷின் சத்தம் அவருக்கு அத்துப்படி. பேசினுக்குள் நின்றபடியே பூரணி தலையில் கைவைத்தாள்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் அப்பா கூப்பிட்டார்.

"பிள்ளை, கொஞ்சம் தண்ணி தாவன்."

அரைப் போத்தல் குடித்தார். அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது போல என்றேன். "நல்லதாப் போச்சு" என்றாள் பூரணி.

ஜூலை 17, வியாழன்

நன்றாகக் குடிக்கிறார். முகம் தெளிந்திருக்கிறது. அந்த ஒலிப்பதிவைத் திருத்த ஏலாதா என்று பார்த்தோம், எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பாண்காரன் தினமும் வருகிறான், தினமும் போகிறான்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நானும் பேசினுக்குள் இறங்கினேன். சவர்க்கார நுரையில் வழுக்கி விழப் பார்த்தேன். பூரணி என் கையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கு அரைவாசியிலேயே தொடை பிடித்துவிட்டது. இவள் இதைச் செய்து முடித்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டு, முப்பது குழந்தைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கப் போகிறாள். ஒரு நாளும் முகம் கோணவில்லை. இருபது வருடமாக இவளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானாக இருந்தால்? கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அப்பாவுக்குப் பலவந்தமாகத் தண்ணீர் பருக்கியிருப்பேன். அவருடைய மானத்தையும் காப்பாற்றி உயிரையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கும் என்று எனக்கு வாழ்நாளில் தோன்றியிராது.

ஜூலை 23, புதன்

கொம்பனிக்குப் போன். "இந்தக் கிழமை சேர்." போன கிழமையும் இதே இந்தக் கிழமைதான்!

பூரணியின் குதிக்கால் சவர்க்காரத்தில் வெடித்துவிட்டது. அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "பிள்ளையின்ர கால் வெடிச்சிருக்கு. தேங்காயெண்ணெய் பூசிவிடடா, மடையா" என்றார். படுத்த இடத்தில் இதையும் பார்த்திருக்கிறார்.

ஜூலை 27, ஞாயிறு

பூசிவிட்டேன். வெட்கப்பட்டாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

போர்ட் வந்தது! மெக்கானிக் மாட்டிவிட்டு, பல்லி புகாமல் பின்னால் வலையும் அடித்துவிட்டுப் போனான். காலையில் அப்பாவைக் கிளினிக்குக்கும் கொண்டுபோய் வந்தோம். கிருமி இல்லை. டொக்டர் பூரணியைப் பார்த்து, "நல்லாப் பாத்திருக்கிறீங்கள்" என்றார். என்னைப் பார்க்கவில்லை, சரிதான்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று உண்மையான கழுவல். பூரணி பொத்தானை அழுத்திவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விறாந்தையில் சும்மா நின்றாள். கடைசிப் பாட்டு வந்ததும் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போனாள். நான் வாசலில் நின்றேன்.

அப்பா கோப்பையை வாங்கினார். ஒரு மிடறு குடித்தார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு மிஷினுக்குள்ள பாண்காரன் வரேல்லையோ?"

பூரணி அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"எப்பயிருந்து தெரியும் மாமா?"

"முதல் நாளே தெரியும். நான் காதால பிழைச்சவன்."

"தெரிஞ்சும் ஏன் குடிச்சனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

அப்பா என்னிடம் சொல்லவில்லை, அவளிடம்தான் சொன்னார். "நான் தண்ணி குடிக்கோணுமெண்டு இவ்வளவு பாடுபட்டு ஒருத்தி பொய் சொல்லுறாள். அதுக்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டு கிடந்தா நான் என்ன மனிசன்?"

அவள் அவருடைய போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

பின்னேரம் பூரணி பெரிய வீதிவரை நடந்துபோய், பாண் ஓட்டோவை மறித்து மீன் பணிஸ் வாங்கி வந்தாள். அப்பா ஒன்றரை தின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, தண்ணீர் கேட்டார்.