முப்பது டிகிரியில் வெளுத்த தட்டுகள்

இன்று காலை, கிருமி வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்ததும் வேகவைத்த பருப்பும் ஈரத்துணியும் கலந்தது போன்ற அந்த வாடை முகத்தில் அடித்தது. ‘நம்ம சென்ட்டு’ என்பாய். நீ விபத்தில் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. வாடை அப்படியே இருக்கிறது.

அந்த ஜனவரி நினைவுக்கு வந்தது. சீதபேதியைத் தரும் ஷிகெல்லா பாக்டீரியாவில் ஒரே ஒரு மாற்றம் செய்ய எனக்கு ஏழு மாதம் பிடித்திருந்தது. அதை வளர்த்த சில தட்டுகள் மட்டும்தான் கையில் இருந்தன. நோயுண்டாக்கும் மரபணுக்கள் வேலை செய்தால், சாயம் கலந்த தட்டில் அது சிவப்பாக வளரும். அன்று எல்லாமே வெள்ளை. மரபணுக்களையே தொலைத்துவிட்டது என்று முடிவுகட்டி, கொதிநீராவியில் அழிக்க எடுத்துப் போனேன். பக்கத்து ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்த்துக்கொண்டிருந்த நீ வழிமறித்தாய்.

விஷயத்தைக் கேட்டதும் உன் முகம் மாறியது. “கதவுல ஒட்டிருந்தேனே, பாக்கலியா?”

நம் பொது இன்குபேட்டரில் சூட்டைக் காட்டும் திரை எப்போதோ செத்துவிட்டது. ஈஸ்டுக்காகச் சூட்டை முப்பதாகக் குறைத்ததை நீ தாளில் எழுதி ஒட்டியிருந்தாய், முழுக்க இந்தியில். டெல்லி துவாரகாவில் வளர்ந்த உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. தஞ்சாவூரிலிருந்து வந்த எனக்கு இந்தி படிக்க வராது. ஏதோ சுற்றறிக்கை என்று நினைத்திருந்தேன்.

“அது ஒண்ணும் தொலைக்கலட்டி. இந்தக் குளிர்ல நீ ரஜாய்ப் போர்வைய விட்டு எந்திரிக்கியா? அதுவும் எந்திரிக்கல.”

உடல் சூட்டை உணர்ந்தால்தான் ஷிகெல்லா அந்த மரபணுக்களைத் திறக்கும். வெளியே குளிரில் வீணாகச் செலவழிக்காது. கருத்தரங்கில் நானே முழங்கிய விஷயம். அந்த வெள்ளைப் புள்ளிகளைப் புதுத் தட்டில் தீற்றி முப்பத்தேழில் வைத்தோம். மறுநாள் காலை குங்குமமாய்ச் சிவந்திருந்தது. ஒரு கிருமிக்கு நோய் தரும் திறன் திரும்பியதற்காக இருவரும் தாழ்வாரத்தில் கட்டிப்பிடித்துக் குதித்தோம். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதா என்று வாசல் காவலாளி கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாய்.

அந்த ஷிகெல்லாவில்தான் என் ஆய்வேடு முடிந்தது. போன ஞாயிறு ஒரு பிரதியை உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உன் அம்மா கேட்டார். இந்தக் கதையைச் சொன்னேன். ரஜாய் வந்த இடத்தில் என்னை அறியாமல் உன் திருநெல்வேலித் தமிழ் வாயில் வந்துவிட்டது, இழுப்பு உட்பட. அம்மா சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அதை இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன்.